காலாவதியான பச்சைப் பொட்டலம்

இரும்பு மழையில் ஊறி உப்பாது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் ஷியூயுன் அக்காவின் சிற்றுண்டிக் கடையில், ஒரு கையில் முட்டைச் சுருளும் மறு கையில் சோயா பாலுமாக நின்றுகொண்டு, "மழைக்கால ஈரம்தான் அக்கா, எண்ணெய் போடுங்க, ஷட்டர் தானா இறங்கும்" என்று சொன்னவள் யார் தெரியுமா? மண்ணும் கட்டடமும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதையே பதினாறு வருடமாகத் தொழிலாக வைத்திருக்கும் பெய்லான்.

அன்று அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அவள் கையில் இருந்த எண்கள். எண்கள் நன்றாக இருந்தன. எண்கள் நன்றாக இருந்துவிட்டால் படித்தவர்களுக்குக் கண் கொஞ்சம் மங்கிவிடும்.

சான்சோங் நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடம் அது. லிஃப்ட் கிடையாது, ஜன்னலுக்கு ஜன்னல் துருப்பிடித்த கம்பிக் கூண்டு, மொத்தம் இருபது வீடு. கீழ்த்தளத்தில் அக்காவின் கடை. பக்கத்து மனையில் பதினைந்து மாடி எழும்பப் போகிறது. அதற்கு முன் நான்கு தளம் பூமிக்குள் இறங்க வேண்டும், பதினேழு மீட்டர் பள்ளம். மனையைச் சுற்றி மண்ணுக்குள்ளேயே காங்கிரீட் சுவர் இறக்கி, தோண்டத் தோண்ட அந்தச் சுவர் உள்ளே சாயாதபடி குறுக்கே இரும்புத் தாங்கிகள் கொடுத்திருந்தார்கள். அங்கே மண் சேறு மாதிரி. என்ன செய்தாலும் சுவர் கொஞ்சம் உள்ளே வளையத்தான் செய்யும். எவ்வளவு வளையும் என்று முன்கூட்டிச் சொல்வது பெய்லானின் வேலை. எவ்வளவு வளைந்தது என்று அளந்து சொல்வது அவள் பழைய நண்பன் ரென்ஹாவின் வேலை. இரண்டு கோடுகளையும் வாராவாரம் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, 'பாதுகாப்பாக உள்ளது' என்று பெய்லான் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அந்தப் பக்கம் மண்வாரி ஓடியது, இந்தப் பக்கம் இருபது வீடு தூங்கியது.

பதினான்கு மீட்டர் தோண்டியாகிவிட்டது. கடைசி மூன்று மீட்டரை நாளைக் காலை ஆரம்பிப்பார்கள். அதற்குக் கையெழுத்துப் போடத்தான் இன்று பெய்லான் வந்திருந்தாள். மே மாதத்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"ஏம்மா இஞ்சினியரம்மா, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ" என்று அக்கா தோசைக்கல்லுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "உன் பேச்சைக் கேட்டு மூணு டப்பா எண்ணெய் ஊத்திட்டேன். ஷட்டரு முழங்கால் வரைக்கும் வருது, அதுக்குக் கீழ வரமாட்டேங்குது. நேத்து கடையிலயே படுத்து கேஸ் சிலிண்டருக்குக் காவல் காத்தேன். இந்த வயசுல இது எனக்குத் தேவையா?"

பெய்லான் சிரித்துக்கொண்டே ஷட்டரின் பக்கவாட்டுத் தடத்தைப் பார்த்தாள். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடங்களும் மேலே ஒரு அகலத்திலும் கீழே ஒரு அகலத்திலும் இருந்தன. அவள் சிரிப்பு அங்கேயே நின்றது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. தரை பள்ளத்தின் பக்கம் இறங்கியிருந்தது.

"என்னம்மா, மூஞ்சி போன போக்கே சரியில்லையே?"

"ஒண்ணுமில்லக்கா. அளவெல்லாம் பார்த்துட்டு வர்றேன்."

ஒன்றுமில்லை என்றுதான் அவளும் நம்ப விரும்பினாள். போன வெள்ளிக்கிழமை ரென்ஹாவ் அனுப்பிய அளவின்படி சுவர் முப்பது மில்லிமீட்டர் வளைந்திருந்தது. அவள் கணக்கு முப்பத்தொன்று. நாற்பத்தைந்தைத் தொட்டால் எச்சரிக்கை, ஐம்பத்தைந்தைத் தொட்டால் வேலை நிற்க வேண்டும். முப்பதுக்கு இப்படித் தரை சாயாது. பழைய கட்டடம், பழைய சாய்வாக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலித் தகட்டைத் தள்ளி உள்ளே போனாள்.

சுவரின் தலைப்பில், தரையோடு தரையாக, அளவுக் குழாயின் வாய் இருந்தது. சுவருக்குள் அடிவரை இறங்கும் அந்தக் குழாய் சுவரோடு சேர்ந்து வளையும். உள்ளே சாய்வுமானிகள் தொங்கும். அவை சொல்வதைப் பக்கத்திலுள்ள இரும்புப் பெட்டிக்குள் ஒரு பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். பெட்டிக்குப் பூட்டு, சாவி ரென்ஹாவிடம். வாரம் ஒரு முறை வந்து திறந்து அளவை எடுத்துப்போவது அவன் நிறுவனத்தின் வேலை. இத்தனை நாளில் பெய்லான் அதைத் திறந்ததில்லை. அவனை வைத்துக்கொண்டு அவள் எதற்குத் திறக்க வேண்டும்?

பூட்டைத் தொட்டதும் விரலெல்லாம் துருவானது.

தளப் பொறுப்பாளர் லாயிடம் கம்பிவெட்டி கேட்டாள். லாய் தலையைச் சொறிந்தான். "ரென்ஹாவ் அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் மேடம் பிடிச்சு காய்ச்சுவாரு."

"நான் சொல்லிக்கிறேன். குடு."

பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்டது பச்சைப் பொட்டலம்தான்.

இந்த ஊரில் கருவி என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். தேங்காய் வாசனை போட்ட சோள நொறுக்கு. பச்சைதான் வேண்டும். மஞ்சளும் சிவப்பும் ஆகாது. பொட்டலம் இருக்கும்வரை கருவி மக்கர் பண்ணாது. தேதி தாண்டிவிட்டால் அதே பொட்டலமே வினையாகிவிடும். வங்கியிலும் மருத்துவமனையிலும் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களே இதைச் செய்கிறார்கள். ரென்ஹாவ் இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறவன். சாப்பாட்டை மறப்பான், கல்யாண நாளை மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான், பொட்டலத்தின் தேதியை மட்டும் மறக்கமாட்டான். ஒரு முறை துறைமுக வேலையில், மறுநாள் தேதி முடிகிறது என்பதற்காகப் புயல் எச்சரிக்கைக்கு நடுவே ஸ்கூட்டரில் போய் மாற்றிவிட்டு வந்தான். பெய்லான் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைப் பல வருடம் ஓட்டியிருக்கிறாள்.

பொட்டலத்தின் மேல் மார்க்கரில் அவன் கையெழுத்து: 'பள்ளம் முடியும்வரை சமத்தாக இரு.' அதற்குக் கீழே அச்சிட்ட தேதி, பிப்ரவரி பதினொன்று.

அவள் இரண்டாவது முறை படித்தாள். இது மே மாதம். பொட்டலத்தின் ஓரத்தை எறும்பு அரித்திருந்தது. கருவியின் விளக்கு எரியவில்லை. பெட்டியின் உட்புறத்தில், கருவியின் பாதி உயரத்துக்கு, தண்ணீர் நின்று வடிந்த கறை.

ரென்ஹாவ் இந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் இந்தப் பொட்டலம் இங்கே இருந்திருக்காது. அந்தத் தேதிக்கு முன், சீனப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி ஒரு நாள் இதைப் பூட்டிவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. பதினான்கு வாரம். பதினான்கு வாரமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்கு அளவு வந்தது.

இருந்தாலும் நண்பனை விட்டுக்கொடுக்கப் பெய்லானுக்கு மனசு வரவில்லை. வேறு கருவி கொண்டுவந்து கையாலேயே அளந்திருக்கலாம் இல்லையா? தளத்து அலுவலகக் கொட்டகைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். மார்ச் மாதத்துக் கோப்பைத் தேடினாள். அந்த மாதம் அவள் ஒரு பிழை செய்திருந்தாள். நான்காவது தாங்கியின் ஆழத்தைப் பத்தரை மீட்டருக்குப் பதில் பதினொன்றரை என்று அடித்துவிட்டாள். அதனால் அவள் கணக்கில் சுவரின் வயிறு ஒரு மீட்டர் தள்ளிக் கீழே பிதுங்கியது. அடுத்த வாரமே கண்டுபிடித்து, சத்தம் போடாமல் திருத்திவிட்டாள். பழைய கோப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும்தான்.

இப்போது பார்த்தாள். அந்த வாரம் ரென்ஹாவ் அனுப்பிய அளவிலும் சுவரின் வயிறு அதே ஒரு மீட்டர் தள்ளிக் கீழேதான் இருந்தது. அடுத்த வாரம் அவள் திருத்தியதும், அதுவும் சமத்தாக மேலே ஏறிவிட்டது.

அவள் செய்த தவற்றை மண்ணுமா செய்யும்?

எச்சரிக்கை அளவைத் தீர்மானிப்பதற்காக ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் கணக்கை முன்கூட்டியே அவனுக்கு அனுப்புவது அவள் வழக்கம். அவன் அதை எடுத்து, இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து, 'அளந்தது' என்று தலைப்பிட்டு அவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறான். இரண்டு கோடும் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று அவள் பூரித்துப்போயிருந்தாள். குடியிருப்போர் கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டு, "பாருங்க, கணக்கும் மண்ணும் ஒண்ணாப் பேசுது, யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம்" என்று சொன்னாள். அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். மண் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பதினான்கு வாரமாகப் பெய்லான் தன் குரலையே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கைபேசியில் அவனைக் கூப்பிட்டாள்.

"சொல்லு லான், எங்க இருக்க?"

"சான்சோங்ல. பெட்டி பக்கத்துல."

"எந்தப் பெட்டி?"

"நீ பூட்டின பெட்டி. கைச் சாய்வுமானியை எடுத்துக்கிட்டு உடனே வா."

அரை மணியில் வந்துவிட்டான். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கினான். முதுகில் கருவிப் பெட்டி. கையில் முக்குக் கடைப் பை, அதற்குள் புத்தம் புதிய பச்சைப் பொட்டலம். வரும் வழியில் வண்டியை நிறுத்தி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் பெய்லானுக்குக் கடைசியாக மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. அவள் பொட்டலத்தைப் பற்றி ஃபோனில் வாயே திறக்கவில்லை.

"எத்தனை வாரம்டா?" என்றாள்.

"லான், முதல்ல நான் சொல்றதைக் கேளு—"

"எத்தனை வாரம்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "லீவு முடிஞ்சு வந்து பார்த்தப்ப கருவி தண்ணியில மூழ்கிக் கெடந்துச்சு. புதுசு வர ஆறு வாரம்னாங்க. சொன்னா பள்ளத்தை நிறுத்தணும். நிறுத்தினா அந்தக் கம்பெனி அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடாது. ஒரு வாரம்தானேன்னு உன் கணக்கை வச்சு எழுதினேன்."

"கையால அளக்கிறதுக்கு என்ன கேடு? முதுகுல தூக்கிட்டு வந்திருக்கியே, இது என்ன, அலங்காரத்துக்கா?"

"ஆள் இல்ல லான். ரெண்டு பசங்க வேலையை விட்டுப் போயிட்டாங்க. கையில அஞ்சு தளம். அடுத்த வாரம் வந்துடலாம், அடுத்த வாரம் வந்துடலாம்னு..." அவன் குரல் இறங்கியது. "உன் கணக்கு எப்பவாவது தப்பினதுண்டா? பன்னெண்டு வருஷமா நான் அளந்திருக்கேன், நீ சொன்னதைத் தாண்டி மண்ணு போனதே இல்ல. உன்னை நம்பித்தான் எழுதினேன்."

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்குத் தாங்கவில்லை. சோம்பல் என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள். பணத்துக்காக என்று சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். நம்பினேன் என்கிறான். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரே மண் உருளையை இரண்டு பேருமாகப் பிடித்து நசுக்கிப் பார்த்த காலத்திலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள்.

"நான் உன்னை நம்பித்தான்டா கையெழுத்துப் போட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை அவனுக்குக் காட்டப் பிடிக்காமல் குழாயின் மூடியைக் கழற்றக் குனிந்தாள். "நீ என்னைப் பார்த்த, நான் உன்னைப் பார்த்தேன். மண்ணை எவன் பார்த்தான்? இறக்கு."

அவன் உள்ளே தொங்கிய சாய்வுமானிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தன் கருவியைக் குழாய்க்குள் இறக்கினான். சின்னச் சக்கரங்கள் வைத்த இரும்புத் தண்டு கம்பிவடத்தில் தொங்கியபடி அடிவரை போனது. அரை மீட்டருக்கு ஒரு தடவை மேலே இழுத்து நிறுத்தி அவன் எண்ணைச் சொல்ல, அவள் எழுதினாள். பிறகு தண்டைத் திருப்பிப் போட்டு மறுபடி அடியிலிருந்து ஒரு முறை. இருவரும் நூறு தளத்தில் சேர்ந்து செய்த வேலை. கை தானாக ஓடியது. மழை நோட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

தோண்டுவதற்கு முன் எடுத்த முதல் அளவைக் கழித்துப் பார்த்தாள். பதினான்கு மீட்டர் ஆழத்தில் எண்பத்தெட்டு மில்லிமீட்டர்.

கூட்டலில் பிழையாக இருக்கும் என்று ரென்ஹாவ் நோட்டை வாங்கித் தானும் போட்டுப் பார்த்தான். எண்பத்தெட்டுதான். "லான், நாளைக்கு மட்டும் தோண்டியிருந்தா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையும் இல்லை. இன்னும் மூன்று மீட்டர் மண்ணை எடுத்தால் சுவரின் காலுக்குப் பிடிமானம் போய்விடும். சுவர் போனால் பின்னாலிருக்கும் சேறு வரும். சேற்றின் மேல்தான் இருபது வீடும் உட்கார்ந்திருக்கிறது.

அவள் லாயிடம் ஓடினாள். "வேலையை நிறுத்து. பள்ளத்துல இருக்கிற அத்தனை பேரையும் மேல ஏத்து. தண்ணி இறைக்கிற பம்ப் எல்லாத்தையும் அணைச்சுடு. தீயணைப்புக்கு ஃபோன் போட்டு லாரி லாரியாத் தண்ணி கேளு, பள்ளத்தை நிரப்பணும். சுவருக்கு முட்டுக் குடுக்க இப்போதைக்கு அது ஒண்ணுதான் வழி."

லாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், என்ன மேடம் இது? போன வாரம் பாதுகாப்புன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே? ஆபீஸ் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். தலைமை ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்லுவேன்?"

"போன வாரம் நான் எழுதினது பொய்யின்னு சொல்லு. இப்ப இதை எழுதித் தர்றேன்." நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, எண்பத்தெட்டு என்ற எண்ணையும் 'உடனே வெளியேற்றவும்' என்ற இரண்டு வார்த்தையையும் எழுதி, கீழே முழுப் பெயரும் உரிம எண்ணும் போட்டுக் கொடுத்தாள். இந்தத் தாள் நாளைக்கு அவள் உரிமத்தையே தின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அவளே படியேறினாள். ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு மணியாக அடித்தாள். யாரும் லேசில் நம்பவில்லை. "நீதானேம்மா படம் போட்டுக் காட்டின?" என்று மூன்றாம் மாடிக்காரர் செருப்பை மாட்டாமல் நின்று வாதாடினார். ஐந்தாம் மாடியில் ஒரு பெண் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி, உள்ளே போய் யோசித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். யாரும் பெய்லானுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இருபது வீடும் சந்து முனையில் குடையோடு நின்றது. தீயணைப்பு வண்டிகள் வந்து குழாயைப் பள்ளத்துக்குள் விட்டன.

கடைசியாக மிஞ்சியது கீழ்த்தளம். ஷியூயுன் அக்கா அடுப்பை அணைத்து, தோசைக்கல்லைத் துடைத்து, மாவுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். அது முழங்காலுக்கு வந்து நின்றது. மறுபடி மேலே தள்ளி இழுத்தாள். அதே இடம்.

"விடுங்கக்கா. கட்டடத்தை விட்டு வெளிய வாங்க."

"அப்ப ஈரம் இல்லையா?"

"இல்லக்கா. கட்டடம் சாய்ஞ்சதுல சட்டம் கோணிப்போச்சு. அளவெல்லாம் பொய். நான் பார்க்காம விட்டுட்டேன். பெட்டியை ஒரு நாள் திறந்து பார்த்திருக்கணும்."

ரென்ஹாவின் பெயரைச் சொல்ல வாய் வரை வந்தது. அவன் வேலித் தகட்டோரம் நனைந்துகொண்டு நின்றான், பச்சைப் பொட்டலம் இன்னும் கையிலேயே இருந்தது. அவனைக் காட்டிக்கொடுத்தால் பாரம் பாதியாவது குறையும். ஆனால் அக்கா கேட்டது அவளைத்தான்.

அக்கா எண்ணெய்க் கையை தன் சமையல் அங்கியில் துடைத்தாள். கோபப்படுவாள் என்று பெய்லான் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"இரும்பு ஈரத்துல உப்பாதுன்னு எனக்கும் தெரியும்மா" என்றாள் அக்கா. "இருபத்திரண்டு வருஷமா இந்த ஷட்டரை ஏத்தி இறக்குறவ நான். நீ சொன்ன அன்னைக்கே மனசுல பட்டுச்சு, இது ஈரமில்லன்னு. மேல ரெண்டு பேரு வீட்டைக் காலி பண்ணலாமான்னு எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் தடுத்தேன். படிச்ச பொண்ணு, பொய் சொல்லாது, எண்ணெய் போட்டா சரியாயிடும்னு சொன்னேன்."

இரண்டு மணி நேரத்துக்கு முன் மழையில் நின்று, 'உன்னை நம்பித்தான்' என்று பெய்லான் ரென்ஹாவிடம் கத்தியது அப்படியே திரும்பி வந்து அவள் முன்னால் நின்றது, கத்தாமல்.

அக்கா குனிந்து ஷட்டருக்கடியில் நுழைந்து வெளியே வந்தாள். எண்ணெய் டப்பாவைப் பெய்லானின் கையில் கொடுத்தாள். பாதி மிச்சமிருந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் சந்து முனையில் நின்ற மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள், கடையைப் பூட்டாமலே.